தோழமையின் சாட்சியம்

ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் முதுமையில் கூடிப் பேசினால் போரைப் பற்றிய உண்மை தன்னால் வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. மனைவியிடமும் பிள்ளைகளிடமும் வாய் திறக்காத பட்டாளத்துக்காரர், பழைய பட்டாலியன்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டால் விடிய விடியப் பேசுகிறார். ஒருவர் ஊர்ப்பெயரை மறந்தால் இன்னொருவர் எடுத்துக்கொடுக்கிறார். ஒருவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அருகில் இருப்பவர் குறைக்கிறார். செத்துப்போனவனின் பெயர் அங்கேதான் அவனுடைய பட்டப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. தனிமனிதனின் நினைவு அவன் சார்ந்த குழுவின் துணையோடுதான் உயிர்வாழ்கிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் மொரீஸ் ஆல்ப்வாக்ஸ் 1925இல் வாதிட்டார். அந்த வாதத்துக்கு முன்னாள் படைவீரர்களின் சந்திப்புகளைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அதற்கு மறுபாதியும் உண்டு. நினைவைத் தாங்குவது குழுதான் என்றால், தாங்க விரும்பாததை நழுவவிடுவதும் அதே குழுதான். தோழமை சாட்சியத்தைக் காப்பாற்றுகிறது. எதைச் சாட்சியமாக ஏற்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஆகவே படைவீரர்களின் நினைவுகளைக் கேட்பவர்கள் கூட்டத்தில் சொல்லப்பட்டதைக் கேட்பதோடு, அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்காதவர்களையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும் என்பது என் வாதம். இது கூடுதல் நன்மைக்காகச் செய்யும் வேலை அல்ல. இதைச் செய்யாவிட்டால் கூட்டத்தில் சொல்லப்பட்டதன் பொருளே நமக்கு விளங்காது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் 1913இல் நடந்ததை இதற்கு முதல் சான்றாக வைக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 ஜூலை 1 முதல் 3 வரை அந்த ஊரைச் சுற்றி நடந்த சண்டையில் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என்று இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 50,000 பேர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் 53,000க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் அதே நிலத்தில் கூடாரங்களில் வந்து தங்கினார்கள். பெரும்பாலோர் எழுபதை ஒட்டிய வயதினர். ஜூலை வெயில் கொளுத்தியது. சிலர் அந்த முகாமிலேயே இறந்தும் போனார்கள். ஆனாலும் வந்தவர்கள் நாள் முழுவதும் வயல்வெளியில் நடந்து தாம் நின்ற இடத்தைத் தேடினார்கள். தம்மை நோக்கிச் சுட்டவனைத் தேடினார்கள். ஜூலை 3 அன்று, தெற்குத் தளபதி பிக்கெட்டின் படை ஏறி வந்து சிதறிய அதே கல்சுவரின் இரு பக்கமும் கிழவர்கள் நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும் யாருக்கும் மனம் இளகும். அவர்கள் முகங்களில் நடிப்பு இல்லை. ஒரே பயத்தை அனுபவித்தவர்கள் எதிரெதிர் அணியில் இருந்தாலும் தோழர்கள் ஆகிவிடுகிறார்கள் என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது. மறுநாள் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் வந்து, பழைய பூசல் மறந்துபோயிற்று, மிஞ்சியிருப்பது வீரம்தான் என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார்.

மறந்துபோன பூசல் எது? 1860இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 40 லட்சம் மனிதர்கள் அடிமைகளாக இருந்தார்கள். போர் அதைப் பற்றியது. வடக்குப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் போரிட்டார்கள். கெட்டிஸ்பர்க்கை நோக்கி வந்த தெற்குத் தளபதி ராபர்ட் லீயின் படை வழியில் பென்சில்வேனியாவின் சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே அனுப்பியது. கிழவர்கள் கைகுலுக்கிய சுவருக்குச் சற்று வடக்கே, அதே மேட்டில், ஆபிரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் பண்ணை இருந்தது. பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது வீடும் பயிரும் அழிந்துகிடந்தன. கேட்ட இழப்பீட்டில் மிகச் சிறு பகுதிதான் கிடைத்தது. 1913 முகாமில் கறுப்பினத்தவர் இருந்தார்கள், கூடாரம் அடிப்பவர்களாகவும் போர்வை கொடுப்பவர்களாகவும். விருந்தினராக வந்த கறுப்பின வீரர் ஒருவரைக்கூடப் பதிவுகளில் உறுதியாகக் கண்டறிய முடியவில்லை என்று அந்தச் சந்திப்பை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் எழுதுகிறார். அதே 1913இல்தான் வில்சனின் அரசு, அஞ்சல் துறை, கருவூலம் போன்ற அலுவலகங்களில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியே பிரித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கைகுலுக்கலுக்கும் இந்தப் பிரிவினைக்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டு தரப்பு வீரர்களும் அண்ணன் தம்பிகள் என்றால், போரின் காரணமாக இருந்த மூன்றாவது தரப்பைப் பற்றிப் பேச வேண்டிய தேவை போய்விடுகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எழுபது வயதில் சமாதானம் தேடி வந்த மனிதர்களிடம் போய் அரசியல் கணக்குக் கேட்பது கொடுமை அல்லவா? அவர்கள் வரலாறு எழுத வரவில்லை. சாவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வந்தார்கள். இதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. அந்த முதியவர்கள் மேல் எனக்குக் குறையும் இல்லை. என் குறை, அவர்களுடைய கண்ணீரை எடுத்துக்கொண்டு போய் நாட்டின் தீர்ப்பாக அறிவித்தவர்கள் மேல். தோழமை தன் இயல்பாலேயே இப்படித்தான் மறக்கும், வேறு வழியே இல்லை என்று சொல்பவர்களுக்கும் அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் 1866இல் தொடங்கிய 'குடியரசின் பெரும்படை' என்ற சங்கத்தில் 1890 அளவில் 4 லட்சம் பேர் இருந்தார்கள். நிறவெறி கெட்டிப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அதன் பல வட மாநிலக் கிளைகளில் வெள்ளை வீரர்களும் கறுப்பின வீரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து நினைவுகளைச் சொன்னார்கள். தெற்கே கறுப்பினத்தவருக்குத் தனி அமைப்பு வைத்துவிடலாம் என்ற யோசனை 1891இல் வந்தபோது சங்கத்தின் தேசிய மாநாடு அதை ஏற்கவில்லை. அந்தச் சங்கத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. எல்லா ஊரிலும் கதவு திறந்திருக்கவில்லை. ஆனாலும் எதற்காகப் போரிட்டோம் என்பதை நினைவில் வைத்திருந்த தோழமை, யாரோடு போரிட்டோம் என்பதையும் மறக்கவில்லை. ஆகவே வட்டத்தை எவ்வளவு அகலமாக வரைவது என்பது மனிதர்கள் செய்யும் தேர்வு. 1913இல் அது குறுக்கப்பட்டது.

வட்டத்துக்கு உள்ளேயே இருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது வேறொரு கேள்வி. அதற்கு சோவியத் பெண்களின் கதைதான் வளமான சான்று. இரண்டாம் உலகப் போரில் செஞ்சேனையில் ஏறத்தாழ 8 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள்: மருத்துவப் பணியாளர்களாக மட்டுமல்ல, குறிபார்த்துச் சுடுபவர்களாக, டாங்கி ஓட்டுபவர்களாக, விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் நிற்பவர்களாக. விமானி மரினா ரஸ்கோவா திரட்டிய பெண்களைக் கொண்டு அமைந்த இரவு விமானப் படைப்பிரிவு, மரச்சட்டமும் துணியும் கொண்ட மெல்லிய போ-2 விமானங்களில் குண்டு ஏற்றிப் பறந்தது. அதன் உறுப்பினர்கள் 23 பேர் 'சோவியத் வீரர்' விருது பெற்றார்கள். போர் முடிந்து வீடு திரும்பிய பெண்களுக்கு ஊர் கொடுத்த வரவேற்பு வேறாக இருந்தது. முன்னணியில் ஆண்களோடு இருந்துவிட்டு வந்தவள் என்ற பார்வை. பலர் பதக்கங்களைப் பெட்டிக்கு அடியில் ஒளித்தார்கள். திருமணம் தடைப்படும் என்று படையில் இருந்ததையே மறைத்தார்கள். வெற்றி நாள் விடுமுறைகூட 1948இல் நீக்கப்பட்டு 1965இல்தான் திரும்பக் கொடுக்கப்பட்டது. அந்த இடைவெளியில் இவர்களுக்கு இருந்தது ஒருவருக்கொருவர் துணை மட்டும்தான். இரவு விமானப் பிரிவின் பெண்கள் மாஸ்கோவில் போல்ஷோய் நாடக அரங்கின் முன் ஆண்டுதோறும் மே மாதத்தில் சந்தித்தார்கள். அங்கே யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. தோழமை இல்லாதிருந்தால் இந்தப் பெண்களின் போர் அவர்களோடே புதைந்திருக்கும்.

ஆனால் 1970களின் இறுதியில் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் ஒலிப்பதிவுக் கருவியோடு இவர்களைத் தேடிப் போனபோது, அதே தோழமை இன்னொரு வேலையும் செய்வதைக் கண்டார். தனியே சமையலறையில் உட்கார்ந்து பேசினால் ஒரு கதை வந்தது; பழைய தோழர்கள் அருகில் இருந்தால் வேறு கதை வந்தது. ஒரு கணவர், பேட்டிக்கு முந்தைய இரவு முழுவதும் தன் மனைவிக்குப் போரின் அதிகாரபூர்வ வரலாற்று நூலைப் படித்துக் காட்டித் தயார்செய்திருந்தார். நெஞ்சு உருகப் பேசிய ஒரு பெண்ணுக்கு, அவர் சொன்னதைத் தட்டச்சு செய்து அனுப்பினால், முக்கால்வாசி அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. கூடவே பள்ளிகளிலும் விழாக்களிலும் அவர் ஆற்றிய உரைகள் பற்றிய செய்திகளும் வந்தன. அடிக்கப்பட்டவை எவை? பசியில் ஊர்க்காரரிடம் திருடியது, முதல் முறை மனிதனைச் சுட்டபின் உடம்பு நடுங்கியது, மாதவிலக்குத் துணி இல்லாமல் அணிவகுத்து நடந்தது, தம் படையினர் கைதிகளுக்குச் செய்தது. பொய் என்பதால் அவை அடிக்கப்படவில்லை. இறந்துபோன தோழிகளின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அடிக்கப்பட்டன. அன்புதான் அங்கே தணிக்கையாளராக இருந்தது. அரசின் தணிக்கையாளர் அதற்குப் பிறகுதான் வந்தார். இந்தப் பேட்டிகளைக் கொண்டு அவர் எழுதிய நூல் 1985இல் வெட்டுகளோடு வெளிவந்தது, நீக்கப்பட்ட பகுதிகள் பல ஆண்டுகளுக்குப் பிறகே சேர்க்கப்பட்டன. இரண்டு தணிக்கைகளில் முதலாவதே வலியது என்று நான் நினைக்கிறேன். அரசின் கையை ஒருநாள் தட்டிவிடலாம். செத்த தோழியின் கையைத் தட்டிவிடுவது எப்படி?

தனியே சொன்னதுதான் உண்மை, கூட்டத்தில் சொன்னது பொய் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறாகும். தனிமையில் நினைவு தடம் மாறும். திருத்த ஆளில்லாமல் வீங்கும். கேட்பவர் கேள்வியாலேயே பதிலை வளைத்துவிட முடியும். அலெக்ஸியேவிச்சும் இந்தக் குற்றச்சாட்டுக்குத் தப்பவில்லை. ஆப்கானிஸ்தான் போரைப் பற்றிய அவருடைய நூலுக்கு எதிராக 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நகரில் வழக்குத் தொடுத்தவர்கள் வேறு யாருமல்லர்: அவரிடம் பேசிய முன்னாள் வீரர்களும், மகனை இழந்த தாய்மாரும். நாங்கள் சொன்னதைத் திரித்துவிட்டார் என்றார்கள். அவருக்கு எதிராக அரசியல் தூண்டுதலும் அந்த வழக்கின் பின்னால் இருந்தது என்று அவர் தரப்பு சொன்னது. தூண்டுதல் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு தாய் நீதிமன்றத்தில் நின்று என் மகன் கொலைகாரன் அல்ல என்று சொல்லும்போது அதை வெறும் சூழ்ச்சி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்: தனியே சொன்னதும் கூடிச் சொன்னதும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டிய இரண்டு ஆவணங்கள். அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு, எதைச் சொல்ல அந்தக் குழுவுக்கு இன்னும் துணிவு வரவில்லை என்பதைக் காட்டுகிறது.

துணிவு வந்த குழுக்களும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் சிலர் 1970இன் இறுதியில் நியூயார்க்கில் வாரந்தோறும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், காயிம் ஷட்டன் என்ற இரண்டு மனநல அறிஞர்கள் அங்கே மருத்துவர்களாக இல்லாமல் உடன் இருப்பவர்களாகவே அமர்ந்தார்கள். பேசப்பட்டவை வீரக்கதைகள் அல்ல. தாங்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும். அடுத்த ஆண்டு டெட்ராய்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் பொது மேடையில் ஏறித் தம் படைப்பிரிவின் பெயரோடு தாம் கண்ட, செய்த குற்றங்களைச் சொன்னார்கள். போரின் வடு மனத்தில் நிலைத்துவிடுவதை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவம் 1980இல் ஏற்றதற்கு அந்தச் சிறு கூட்டங்களும் காரணம். தோழமை என்றாலே மூடிமறைத்தல் என்று யாராவது சொன்னால் இவர்களைக் காட்டுவேன். ஒருவனுடைய குற்றத்தைக் கேட்டுவிட்டும் அவனைக் கைவிடாமல் இருக்க அவனோடு அங்கே இருந்தவனால்தான் முடியும்.

இதெல்லாம் தூரத்து நாடுகளின் கதை என்று தமிழ் வாசகர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தை அடுத்து இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை 1990 மார்ச் 24 அன்று திரும்பியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் இறந்து ஒருவர் பிடிபட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பிரிவுகளும் அங்கே இருந்தன. நம் கிராமங்களிலிருந்து போனவர்கள், தம் மொழி பேசும் மக்கள் நடுவே துப்பாக்கியோடு நின்றார்கள். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டின் பொது மனநிலையும் அதுதான். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சிப்பாய்களுக்குப் பேச இடம் இல்லாமல் போயிற்று. தளபதிகள் எழுதினார்கள், ஆங்கிலத்தில். தில்லி என்ன பிழை செய்தது, உளவுத் துறை எங்கே தவறியது என்று. ஹவில்தாரும் நாயக்கும் எழுதவில்லை. நீலகிரியின் வெலிங்டனில் ரெஜிமெண்ட் கூடும்போது அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்களோ அது அந்தக் கூட்டத்தைத் தாண்டித் தமிழுக்கு வரவில்லை.

கடலுக்கு அப்பால் வேறொரு கூட்டம் இருக்கிறது. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில், தீபாவளியை ஒட்டி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் 'இந்தியன் ஆமி' நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளிகள் என்று ஏறக்குறைய 70 பேர் இறந்தார்கள். விடுதலைப் புலிகள் அங்கிருந்து சுட்டார்கள், இடையில் அகப்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது படைத் தரப்பின் விளக்கம். பிணங்களுக்கு நடுவே இரவு முழுவதும் அசையாமல் கிடந்து உயிர் பிழைத்தவர்களின் சாட்சியம் அப்படிச் சொல்லவில்லை. அவற்றில் சில 'முறிந்த பனை' நூலில் பதிவாகியிருக்கின்றன. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த மருத்துவமனையின் ஊழியர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் இறந்த சகாக்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். அதுவும் தோழமைதான், ஒன்றாகப் பணியாற்றி ஒன்றாகச் சுடப்பட்டவர்களின் தோழமை. ஆனால் வெலிங்டனில் கூடுபவர்கள் பெரியாஸ்பத்திரி அஞ்சலிக்கு வருவதில்லை. ஒன்றில் சொல்லப்படுவதை மற்றொன்று கேட்டதில்லை.

இவற்றை அருகருகே வைக்கச் சொன்னால் இரு பக்கமிருந்தும் எதிர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். உத்தரவுப்படி போய் உயிரைவிட்டவனின் நினைவைக் குற்றப்பத்திரிகையின் பக்கத்தில் வைப்பது அவனை அவமதிப்பது என்பார் ஒருவர். சுட்டவனின் மனவேதனையை நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டாவது எதிர்ப்புக்கே நான் அதிக மதிப்பு தருகிறேன். இழந்தவர்களுக்குக் கேட்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. கேட்காமல் இருக்கும் உரிமை அவர்களுடையது. ஆனால் அந்தக் கொலைகள் தொடர்பாக யாரும் தண்டிக்கப்படவில்லை. நீதிமன்றத்தில் வராத சொல், வயதாகிவிட்ட ஒரு சிப்பாயின் வாயிலிருந்தாவது வரக்கூடும். வந்தால் அது இழந்தவர்களின் சாட்சியத்துக்கு வலுவூட்டும். முதல் எதிர்ப்பைச் சொல்பவர்களுக்கு: பேசாமல் இருப்பது அந்த வீரர்களின் விருப்பம் என்றால் அதை மதிக்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஒருவரும் வராத இடத்தில் மௌனத்தை விருப்பம் என்று சொல்ல முடியாது. போர்க்களத்தில் செத்தவனை மதிப்பதற்கும் ஆஸ்பத்திரியில் செத்தவளை மதிப்பதற்கும் இடையே நாம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கெட்டிஸ்பர்க்கில் நடந்ததைப் போல இருவரையும் கைகுலுக்க வைத்துவிட்டுக் கணக்கை முடிக்கச் சொல்லவில்லை. சமாதானம் பிறகு வரட்டும், அல்லது வராமலே போகட்டும். முதலில் இரண்டு பக்கத்துச் சொல்லும் ஒரே மொழியில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

1987இல் பதினெட்டு வயதில் போன சிப்பாய்க்கு இப்போது அறுபது நெருங்குகிறது. வேலூர்ப் பக்கத்துப் பட்டாளக் கிராமங்களிலும், ராமநாதபுரத்திலும், கன்னியாகுமரியிலும் அவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். அன்று பெரியாஸ்பத்திரியில் பணியில் இருந்து உயிர் பிழைத்த தாதியரும் ஊழியர்களும் இவர்களைவிட மூத்தவர்கள், பலர் புலம்பெயர்ந்துவிட்டார்கள். வாய்மொழி வரலாறு படிக்கும் ஆய்வு மாணவர்களும் சிறுபத்திரிகைக்காரர்களும் இவர்களைத் தேடிப் போக வேண்டும்: கூட்டத்தில் ஒருமுறை, தனியே ஒருமுறை, இரண்டு கரைகளிலும். இன்னும் பத்தாண்டு காத்திருந்தால் தளபதிகளின் ஆங்கில நூல்கள் மட்டுமே மிஞ்சும்.